செப்டிக் டேங்க்: யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லாத பராமரிப்பு

வீடு கட்டும்போது சமையல் மேடைக்கு என்ன கல் போடலாம் என்று மூன்று கடை ஏறி இறங்குகிறோம். செப்டிக் டேங்க்கை மட்டும் "நீங்களே பார்த்துப் போட்டுருங்க மேஸ்திரி" என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் அது நினைவுக்கு வருவது கழிப்பறைக் கோப்பையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும் அன்றுதான். பெரும்பாலும் அது வீட்டில் விசேஷம் நடக்கிற நாளாக இருக்கும்.

அந்த நாள் வராமல் பார்த்துக்கொள்ள இந்த அத்தியாயம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிற கசடு குழைவாக இருக்கும். கசடு எடுக்கும் லாரியின் குழாய் அதைச் சிரமமின்றி உறிஞ்சிவிடும். 10, 15 ஆண்டு விட்டுவைத்தால் அடியில் இறுகிப்போகும், குழாய்க்கு வராது. "ஒரு ஆள் இறங்கி வழிச்சு விட்டா போதும்" என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. தொட்டிக்குள் ஒருவர் சாவதற்கான ஏற்பாடு, வீட்டுக்காரர் நாள்காட்டியைப் பார்க்க மறந்த ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே முதல் விதி இது: எந்தக் காரணத்துக்காகவும், யாரும், ஒரு நிமிடம்கூட தொட்டிக்குள் இறங்கக் கூடாது. கீழே வரும் எல்லா வேலையும் வெளியில் நின்று செய்பவை.

## உங்கள் வீட்டில் இருப்பது என்ன?

நம் ஊரில் 'செப்டிக் டேங்க்' என்று சொல்லப்படுவது மூன்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கும்.

முறையான தொட்டி. தரையும் சுவரும் பூசிய, தண்ணீர் கசியாத தொட்டி. நடுவில் ஒரு தடுப்புச்சுவர், இரண்டு அறைகள். கனமானது அடியில் கசடாகப் படியும், லேசானது மேலே ஏடாக மிதக்கும், இடையில் உள்ள நீர் வெளிக்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். கசட்டில் ஒரு பகுதி மக்கிக் குறையும். மீதி சேர்ந்துகொண்டே போகும். கோட்பாடு இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: நல்ல தொட்டியில் வெளிக்குழாய் மட்டம்வரை எப்போதும் தண்ணீர் நிற்கும். மூடியைத் திறந்து பார்த்து "ரொம்பிப்போச்சு" என்று பதறி லாரியைக் கூப்பிடுபவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது நீர்மட்டத்தை அல்ல, கசட்டின் உயரத்தை.

உறைக்குழி. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தே விட்ட குழி. "எங்க வீட்டு டேங்க் 20 வருஷமா எடுக்கவே இல்ல" என்று பெருமையாகச் சொல்பவர் வீட்டில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அது நிரம்பாததற்குக் காரணம், கழிவுநீர் நேராக நிலத்தடி நீருக்குள் போய்க்கொண்டிருப்பது.

இரட்டைக் குழிக் கழிப்பறை. கிராமங்களில் அரசுத் திட்டங்களில் கட்டப்படுவது. ஒரு குழி நிரம்பியதும் சேம்பரில் அடைப்பை மாற்றிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும். நிரம்பிய குழியை 2 ஆண்டு ஆறப்போட்டால் உள்ளிருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். இதற்கு லாரி தேவையில்லை. இந்த அத்தியாயத்தின் மீதி, முதல் வகைத் தொட்டிக்கானது.

## ஒரு முறை செய்ய வேண்டியது: வரைபடமும் அளவும்

1. கழிப்பறைக் குழாய் வீட்டைவிட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சேம்பர் இருக்கும். அங்கிருந்து குழாய் போகும் திசையில் தேடுங்கள். கார் நிறுத்துமிடத்தின் டைல்ஸுக்கு அடியிலும், மாடிப்படிக்கு அடியிலும் தொட்டி ஒளிந்திருப்பது சாதாரணம். கட்டிய மேஸ்திரி இருந்தால் அவரைக் கேட்டுவிடுவது சுலபம்.
2. தொட்டி, உறிஞ்சுகுழி, கிணறு அல்லது போர், குடிநீர் சம்ப் நான்கையும் ஒரு தாளில் வரையுங்கள். வீட்டு மூலையிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று குறியுங்கள்.
3. நீளம் × அகலம் × நீர் நிற்கும் ஆழம், மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்குங்கள். வரும் கன அடியை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். எடுத்துக்காட்டாக, 8 × 4 × 4 = 128 கன அடி; ஏறக்குறைய 3,600 லிட்டர். லாரிக்காரர் "மூணு லோடு வரும்" என்றால் கேள்வி கேட்க இந்தக் கணக்கு உதவும்.
4. கடைசியாக எப்போது கசடு எடுத்தது என்பதை எழுதுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அப்படியென்றால் இந்த ஆண்டே எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்தத் தாளின் நகலை மின்கட்டண அட்டை இருக்கும் இடத்திலேயே வையுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் குடிவருபவரிடமும் ஒன்று கொடுங்கள்.

அளவு போதுமா? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிப்படி, 5 பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஏறக்குறைய 1 மீட்டர் நீர் ஆழம் உள்ள தொட்டி போதும். நம் ஊர்த் தொட்டிகள் இதைவிடப் பெரியவை. பெரிதாகக் கட்டிவிட்டால் எடுக்கவே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய தொட்டியிலும் கசடு சேரத்தான் செய்யும். சேர்வதற்கு நாள் கூடும், அந்த நாளில் இறுகவும் செய்யும்.

## தினசரிப் பழக்கம்

கோப்பைக்குள் போகலாம் என்பது மூன்றே: மலம், சிறுநீர், தண்ணீர். வெஸ்டர்ன் டாய்லெட்டில் பேப்பர் பயன்படுத்துபவர்கள் தண்ணீரில் கரையும் டாய்லெட் பேப்பரை மட்டும் போடலாம். 'ஃபிளஷ் செய்யலாம்' என்று அச்சிட்டு விற்கும் ஈரத்துணித் தாள்களை நம்ப வேண்டாம், அவை கரைவதில்லை.

நாப்கின், குழந்தைகளின் டயபர், ஆணுறை, காது குடையும் பஞ்சு, தலைமுடி, சிகரெட் துண்டு எதுவும் போகக் கூடாது. லாரியின் குழாயை அடைப்பதில் முதலிடம் நாப்கினுக்கும் டயபருக்கும்தான். கழிப்பறைக்குள் மூடி போட்ட ஒரு சிறு குப்பைக்கூடை வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விருந்தாளியிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தக் கூடை சொல்லிவிடும்.

சமையலறைத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு தொட்டியில் ஏடாகத் தடித்து வெளிக்குழாயை அடைக்கும். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். குளியல், துணி துவைக்கும் தண்ணீரைத் தனிக்குழாயில் வாழைக்கும் தென்னைக்கும் விட்ட பழைய முறைதான் சரி. வாஷிங் மெஷின் ஒரே வீச்சில் தள்ளும் தண்ணீர், படிந்த கசட்டைக் கலக்கி உறிஞ்சுகுழிக்குத் தள்ளிவிடும்.

மழைநீர். மொட்டைமாடிக் குழாயை எக்காரணம் கொண்டும் செப்டிக் டேங்க்கில் சேர்க்காதீர்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டி வேறு, இது வேறு. இடமில்லை என்று இரண்டையும் இணைத்துவிடும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். வேலை நடக்கும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள்.

பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர். கோப்பையைக் கழுவத் தேவையான அளவால் கெடுதல் இல்லை. பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் கசட்டை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் சாகும். அதைவிட ஆபத்து கழிப்பறைக்குள்ளேயே இருக்கிறது: ஆசிட் உள்ள கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தாதீர்கள்.

ஈஸ்ட், சாணம், 'பாக்டீரியா பவுடர்'. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு இவை தேவையில்லை. வேண்டிய நுண்ணுயிரிகள் நம் வயிற்றிலிருந்தே தினமும் போகின்றன. பவுடர் போட்டால் லாரியே வேண்டாம் என்று விற்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். புதிதாகக் கட்டிய தொட்டிக்கு மட்டும், வெளிக்குழாய் மட்டம்வரை தண்ணீர் நிரப்பிவிட்டு, மக்கிய சாணத்தைக் கரைத்து ஒரு முறை ஊற்றலாம்.

## ஆண்டுக்கு ஒரு முறை: மேற்பார்வை

பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். நிலம் காய்ந்திருக்கும், குறை தெரிந்தால் மழைக்கு முன் சரிசெய்ய நாள் இருக்கும்.

1. மூடிகள். விரிசல், உள்ளே துருத்தும் துருப்பிடித்த கம்பி, ஆடும் விளிம்பு இருக்கிறதா பாருங்கள். பழுதான சிலாப்பை அன்றே மாற்றுங்கள். அதன்மேல் கார் ஏற்றாதீர்கள். குழந்தைகள் குதித்து விளையாட விடாதீர்கள். உடைந்த மூடி வழியாகக் குழந்தையும் கன்றுக்குட்டியும் விழுந்த செய்திகள் நாம் படிக்காதவை அல்ல.
2. காற்றுக்குழாய். பக்கத்தில் வீடு இருந்தால் குழாயின் முனை கட்டடத்தின் உச்சியைவிட 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் மாடி ஜன்னலுக்கு நேராக முடியும் குழாய்கள்தான் தெருவெங்கும் கண்ணில் படுகின்றன. நாற்றம் வீட்டுக்குள் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.
3. கொசுவலை. குழாயின் முனையில் கம்பிவலை கட்டுங்கள். நைலான் வலை வெயிலில் ஓராண்டில் பொடிந்துவிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் செப்டிக் டேங்க் பிடித்த இடம். மூடியின் விளிம்பிலுள்ள சந்துகளையும் சிமென்ட் பூசி அடையுங்கள்.
4. சேம்பர். மூடியைத் தூக்கிவிட்டு ஒருவரை உள்ளே ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் தடையின்றி ஓட வேண்டும். வேர் நுழைந்திருந்தால் வெட்டி, இணைப்பைப் பூசுங்கள்.
5. உறிஞ்சுகுழி. சுற்றியுள்ள மண் வெயில் காலத்திலும் ஈரமாக, பச்சைப் புல் அடர்ந்து இருந்தால் குழி உறிஞ்ச மறுக்கிறது என்று பொருள்.

குறிப்பு: ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி மூடி வேண்டும். சிலாப்பை மொத்தமாகப் பூசி மூடிவிட்டால் ஒவ்வொரு முறையும் கடப்பாரை போட வேண்டியிருக்கும். அடுத்த முறை சிலாப் மாற்றும்போது முதல் அறைக்கு மேல் 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து, திருகு மூடி போட்டுவிடுங்கள். அடுத்து வரும் அளவெடுப்புக்கு அது போதும். பெரிய மூடியைத் திறக்கவே வேண்டாம்.

## கசட்டை அளப்பது எப்படி

தேவையானவை: 8 அடி நீளமுள்ள மூங்கில் அல்லது முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், பழைய வெள்ளைத் துண்டு, சணல் கயிறு, ரப்பர் கையுறை, பூட்ஸ். கூட ஒருவர் இருப்பது கட்டாயம். தனியாகச் செய்யாதீர்கள்.

1. கோலின் அடிப்பகுதியில் 4 அடி உயரத்துக்குத் துண்டைச் சுற்றி, கயிற்றால் நெருக்கிக் கட்டுங்கள்.
2. முதல் அறையின் திருகு மூடியைத் திறங்கள். பெரிய மூடியைத்தான் திறக்க வேண்டுமென்றால், திறந்ததும் விலகி வந்து அரை மணி நேரம் காத்திருங்கள். அதுவரை குழந்தைகளும் நாயும் அருகே போகாமல் ஒருவர் காவல் நிற்க வேண்டும்.
3. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொள்ளுங்கள். குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். பீடி, தீக்குச்சி, கற்பூரம் எதுவும் பக்கத்தில் கூடாது.
4. கோலை நேராக, மெதுவாக இறக்குங்கள். ஏட்டைத் துளைக்கும்போது சிறு தடை தெரியும். தரையைத் தொட்டதும் 3 நிமிடம் அசையாமல் பிடியுங்கள்.
5. நேராக மேலே எடுங்கள். துண்டில் கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரம் கசடு. ஈரம் ஏறியிருக்கும் மொத்த உயரம் நீர் ஆழம்.
6. துண்டைக் குழி தோண்டிப் புதையுங்கள். கோலை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, கழுவிய நீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கசடு நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரிக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. 4 அடி ஆழத்தில் 1 அடி 4 அங்குலம் கசடு இருந்தால் அந்த மாதமே ஏற்பாடு செய்யுங்கள். அளக்க மனமில்லாதவர்கள், அளவைப் பற்றிக் கவலைப்படாமல், 3 ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துவிடலாம். கோப்பை நிரம்பும்வரை காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

## லாரி வரும் நாள்

### கூப்பிடும்போது

கம்பத்தில் ஒட்டிய எண்ணை அழைப்பதற்கு முன் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். உரிமம் பெற்ற வண்டிகளின் விவரம் அங்கே கிடைக்கும். 14420 என்ற உதவி எண்ணும் இதற்காகவே இருக்கிறது. பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

- உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இருக்கிறதா?
- குழாய் எத்தனை அடி? (குறுகிய சந்துக்குள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் முக்கியமான கேள்வி.)
- எடுப்பதை எங்கே கொட்டுவீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரவேண்டிய பதில் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றால் ஏரியிலோ மழைநீர் வடிகாலிலோ போகப்போகிறது. தமிழக அரசு 2014-இல் கசடுக் கழிவு மேலாண்மைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. சொந்த நிலையம் இல்லாத ஊர்களின் கசட்டைப் பக்கத்து நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். குறைந்த கூலிக்கு வருபவர் பெரும்பாலும் இந்தப் பயணச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்.

### எடுக்கும்போது

1. லாரி வருவதற்கு அரை மணி முன்பு இரண்டு அறைகளின் மூடிகளையும் திறந்து வையுங்கள். சுற்றிக் கயிறு கட்டுங்கள்.
2. வந்தவர்கள் கையுறையும் பூட்ஸும் போட்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் கடைக்கு ஆளனுப்பி வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை.
3. முதல் அறையில் குழாயை அடிவரை விடச் சொல்லுங்கள். மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு "முடிஞ்சுது" என்பது வழக்கமான தந்திரம். கசடு அப்படியே அடியில் கிடக்கும்.
4. கசடு கெட்டியாக இருந்தால், உறிஞ்சிய நீரில் கொஞ்சத்தைத் திருப்பி வேகமாகப் பீய்ச்சி, நீளமான கம்பால் வெளியிலிருந்தே கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பகுதி வந்துவிடும்.
5. இரண்டாம் அறையையும் எடுக்க வேண்டும். அடிக்கடி விடுபடுவது இதுதான்.
6. அடியில் ஓரிரு அங்குலம் கசடு தங்கட்டும். அடுத்த சுற்று மக்குவதற்கு அதுவே உறைமோர். சுவரைக் கழுவவோ பினாயில் ஊற்றவோ வேண்டாம்.
7. மூடுவதற்கு முன் டார்ச் அடித்து, தள்ளி நின்றபடியே, உள்வரும் குழாயிலும் வெளிக்குழாயிலும் உள்ள 'டீ' இணைப்புகள் இருக்கின்றனவா பாருங்கள். உடைந்த டீயால் ஏடு நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் அதைக் கெடுத்துவிடும்.
8. மூடிகளைப் பொருத்தி, விளிம்பை மெல்லிய சிமென்ட் கலவையால் பூசுங்கள். சிந்திய இடத்தில் சுண்ணாம்பு அல்லது பிளீச்சிங் பவுடர் தூவுங்கள். தொட்டிக்குள் சில குடம் தண்ணீர் ஊற்றிவையுங்கள்.
9. ரசீது வாங்கி, தேதியை உங்கள் தாளில் எழுதுங்கள்.

### "இறங்கித்தான் எடுக்கணும் சார்"

நாலாவது படியில் இந்த வாக்கியம் வரலாம். சொல்பவர் உங்களை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. இத்தனை காலமும் அவரை அப்படித்தான் வேலை வாங்கியிருக்கிறார்கள். "அரை மணி நேர வேலைங்க, எனக்குப் பழக்கம்தான்" என்பார். கூடுதல் காசு கேட்பார், அல்லது கேட்காமலே செருப்பைக் கழற்றுவார். உங்கள் பதில் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்:

"வேணாம் தம்பி. வர்ற வரைக்கும் வரட்டும். மீதியை ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தரம் எடுத்துக்கலாம். பேசுன காசு முழுசாத் தந்துடறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். காசு குறையும் என்ற பயத்தில்தான் பலர் இறங்குகிறார்கள். இறுகிய கசட்டை ஒரே நாளில் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தண்ணீரில் ஊறி, ஆறு மாதத்தில் கொஞ்சம் இளகிவிடும்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு அமர்த்தும் எவருக்கும் இது பொருந்தும். வீட்டுக்காரரும் இதில் அடக்கம். முதல் முறைக்கு 2 ஆண்டுவரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம்வரை. "அவரே இறங்கிட்டார்" என்பதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. இறந்தவர் குடும்பத்துக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று விதித்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. இறங்குபவர்கள் எப்போதும் ஒரே சமூகங்களிலிருந்து வருவது எப்படி என்று அந்தக் குடும்பங்களைத் தவிர அதிகம் பேர் கேட்பதில்லை.

## உள்ளே என்ன இருக்கிறது

தொட்டிக்குள் பிராணவாயு குறைவு. மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. கடைசியில் சொன்னதுதான் அழுகிய முட்டை நாற்றம் தருவது. காற்றில் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். "இப்ப நாத்தமே இல்ல, இறங்கலாம்" என்று தோன்றும் நேரம்தான் ஆபத்து கூடிய நேரம். சில நூறு பி.பி.எம். ஆனால் ஆள் நிலைகுலைந்து விழுவார். கசட்டைக் கலக்கும்போது அதுவரை அடங்கிக் கிடந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். அரை மணி திறந்து வைத்திருந்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

செய்யக் கூடாதவை:

- விளக்கையோ தீப்பந்தத்தையோ இறக்கி 'வாயு இருக்கிறதா' என்று சோதிப்பது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும்.
- துண்டையோ மாஸ்க்கையோ மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவது. துணி வாயுவைத் தடுக்காது, பிராணவாயுவைத் தராது.
- உள்ளே விழுந்த செல்போனை எடுக்கக் குனிவது. போனால் போகட்டும்.

யாராவது விழுந்துவிட்டால்:

1. பின்னால் இறங்காதீர்கள், மற்றவர்களையும் பிடித்து நிறுத்துங்கள். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற மூன்றாமவர் என்று ஒரே தொட்டியில் பலர் இறப்பது இப்படித்தான்.
2. 101-ஐ (தீயணைப்பு) அல்லது 112-ஐ அழையுங்கள், கூடவே 108. "செப்டிக் டேங்க்கில் ஆள் விழுந்திருக்கிறார், உள்ளே வாயு இருக்கிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அப்போதுதான் மூச்சுக்கருவியோடு வருவார்கள்.
3. எல்லா மூடிகளையும் திறவுங்கள். அவர் நினைவோடு இருந்தால் கயிற்றையோ ஏணியையோ வெளியிலிருந்தே நீட்டுங்கள்.
4. மேலே எடுத்ததும் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு இல்லாவிட்டால், பயிற்சி உள்ளவர் உடனே நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும்.

## கோளாறும் காரணமும்

ஒரு கோப்பையில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை. அடைப்பு அந்தக் குழாயில்தான். பிளம்பர் போதும், லாரி வேண்டாம்.

எல்லாக் கழிப்பறையிலும் மெதுவாக இறங்குகிறது, 'களக் களக்' என்று சத்தம் வருகிறது. சேம்பரைத் திறந்து பாருங்கள். அது வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பி நின்றால் தொட்டிப் பக்கம்.

கசடு எடுத்து ஒரு வாரத்தில் மறுபடி நிரம்பிவிட்டது. வெளிக்குழாய் மட்டம்வரை நிரம்புவது இயல்பு என்று முன்பே பார்த்தோம். கோப்பைவரை ஏறினால் உறிஞ்சுகுழி அடைபட்டிருக்கிறது. லாரிக்குத் திரும்பத் திரும்பக் காசு கொடுத்துப் பயனில்லை. தண்ணீர்ச் செலவைக் குறைத்து, புதிய உறிஞ்சுகுழி போட வேண்டும். குறைந்தது 3 அடி விட்டம், உள்வரும் குழாய்க்குக் கீழே 3 அடிக்கு மேல் ஆழம், உடைகல் நிரப்பு. டெல்டாவின் களிமண்ணில் ஒரு குழி போதாது.

கிணற்றுத் தண்ணீரில் நாற்றம். குடிநீர் ஆதாரத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும். ஒரு கிரவுண்டு மனையில் இது நடக்காத காரியம். பக்கத்து வீட்டுக்காரரின் போரையும் சேர்த்துக் கணக்கிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி, கோலிஃபார்ம் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் சோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

வெளிக்குழாய் தெருச் சாக்கடையில் விடப்பட்டிருக்கிறது. தொட்டியிலிருந்து வரும் நீர் தெளிவாகத் தெரிந்தாலும் நோய்க்கிருமி நிறைந்தது. பாதாளச் சாக்கடை வந்திருந்தால் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் உறிஞ்சுகுழிக்கு மாற்றுங்கள்.

## ஐப்பசி, கார்த்திகை மழையில்

நிலத்தடி நீர் உயர்ந்ததும் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1. கசடு எடுப்பதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். மழை நடுவே முழுக்கக் காலி செய்தால், வெளியே நிற்கும் நீரின் அழுத்தத்தில் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் தொட்டி மண்ணைவிட்டு மேலே எழும்பிவிடும். செங்கல் தொட்டியின் தரை விரியும்.
2. மூடிகள் தரைமட்டத்தைவிட அரையடியாவது உயர்ந்திருக்கும்படி விளிம்பு கட்டுங்கள்.
3. தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கழற்றிக் கழுவ வேண்டும்.
4. தண்ணீர் தேங்கியிருக்கும் நாட்களில் வாஷிங் மெஷினை நிறுத்துங்கள். வாளியும் குவளையும் போதும்.
5. தேங்கிய நீர் தொட்டியின் மூடியையும் குடிநீர் சம்பின் மூடியையும் சேர்த்து மூழ்கடித்திருந்தால், சம்ப் தண்ணீரை முழுதும் இறைத்து ஊற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சம்பும் மூடிய இடம்தான்: மூடியைத் திறந்து காற்றாட விட்டு, வெளியே ஒருவரை நிறுத்திய பிறகே கழுவத் தொடங்குங்கள். செப்டிக் டேங்க் நீர் கலந்திருக்கலாம் என்று தோன்றினால் உள்ளே இறங்காமல் நீளத் துடைப்பத்தால் மேலிருந்தே தேயுங்கள். பிறகு புதுத் தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள்.